சுரின்காரி

அக்காவோடு சந்தைக்குப் போவதென்றால் எனக்குப் பயம்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா வரமாட்டாள். எதிரே வருகிறவர்களை ஒவ்வொருவராக அளந்து, உதடு அசையாமல், "தெரியுது" என்பாள். "அந்தப் பொண்ணு வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்கு, தெரியுது." "அந்தாளு பையில ஒண்ணும் இல்ல, வீசி நடக்கிறதுலயே தெரியுது." ஒருநாள் யங்கோனில் மிங்கலா தாங்ஞுன்ட் ரயில் பாதையோரம், கட்டம் போட்ட லுங்கியோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவனைத் தாண்டும்போது என் முழங்கையைக் கிள்ளினாள். "பட்டாளத்துக்காரன். டீ குடிக்க வந்தவன் இப்படிச் சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருக்க மாட்டான். உன் தம்பிய இந்தப் பக்கம் விடாத." மறுநாள் அதே முனையில் பஸ்ஸுக்கு நின்ற பையன்களைப் பட்டாளத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவள் கிள்ளினால் நான் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

சொந்தமில்லை, பந்தமில்லை. தின்கன்ஜூனில் எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தவள். காலையில் சந்தையில் பழம் வாங்கி, தோல் சீவி, நறுக்கி, தட்டில் அடுக்கித் தெருத்தெருவாக விற்பாள். போட்டாதாங் துறையில் மூட்டை தூக்கியவரின் மகள் என்பதே, அவள் அம்மாவின் திதிக்கு வந்த ஒரு பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளாக வாயைத் திறந்தால் ஹுவாஹின்தான். தாய்லாந்தில் கடற்கரை ஊர். இள வயதில் அங்கே போய் ஒரு பட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கும் வரை இருந்துவிட்டு, அம்மாவுக்கு முடியவில்லை என்று பத்து நாளைக்காக யங்கோன் வந்தாள். வந்த வாரத்தில் நோய் பரவி எல்லையை அடைத்தார்கள். நோய் அடங்குவதற்குள் இங்கே பட்டாளம் ஆட்சியைப் பிடித்து நாடு தலைகீழாகிவிட்டது. அம்மாவும் போய்விட்டாள். பத்து நாள் துணிமணியோடு வந்தவள் அதே பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பையை அவள் கடைசிவரை முழுசாகப் பிரித்து வைக்கவில்லை.

கரண்ட்டை யங்கோன் தமிழர்களான நாங்களும் பர்மியர்களைப் போல 'மீ' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மீ போனால் சந்து முழுக்க வாசலுக்கு வந்துவிடும். இப்போதெல்லாம் மீ இருப்பதே அதிசயம் என்பதால் அக்காவின் கதைக்கு எப்போதும் கூட்டம்தான்.

"முதல்ல அது மீன் பிடிக்கிற குப்பம். கடலுக்குள்ள தலைய நீட்டிக்கிட்டு பாறைங்க, அவ்வளவுதான். அப்புறம் ரயில் வந்துச்சு. ரயில் வந்தா ராஜா வராம இருப்பாரா?" என்று ஆரம்பிப்பாள். ராஜாவுக்குப் பின்னால் இளவரசர்கள் வந்தார்கள். கடலைப் பார்த்து வரிசையாக மர பங்களாக்கள் கட்டினார்கள். வெயில் காலம் வந்தால் பாங்காக்கிலிருந்து பெரிய வீட்டு அம்மாக்கள் சமையல்காரி, சலவைக்காரி, குழந்தைகள், நாய் எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவார்கள். ஸ்டேஷனில் ராஜா வீட்டுக்காரர்கள் உட்கார மட்டும் சிவப்பும் வெண்மஞ்சளுமாக ஒரு மண்டபம். பக்கத்தில் ரயில்காரர்கள் கட்டிய ஓட்டல், தோட்டத்துச் செடிகளை யானை மாதிரி வெட்டி நிறுத்தியிருப்பார்கள். மூன்றாவது பங்களாவின் அம்மாவுக்கு மங்குஸ்தான் கறை பட்ட துணியைக் கண்டால் ஆகாதாம். அதனால் வேலைக்காரிகள் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பழம் தின்பார்களாம். மலைப்பக்கத் தோட்டத்து அன்னாசி மாட்டுவண்டியில் வரும்போது வாசனை முன்னால் வந்து கதவைத் தட்டும் என்பாள். நறுக்கின அன்னாசியில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி எங்கள் கையில் கொடுத்துக்கொண்டே இதையெல்லாம் சொல்வாள்.

எனக்கு எதையும் ஆராயாமல் விழுங்கும் பழக்கம் இல்லை. போட்டாதாங்கில் சரக்கு இறக்கும் ஆபீஸில் கிளார்க்காக இருந்து இருந்து புத்தி அப்படி ஆகிவிட்டது. "நீங்க பொறக்கறதுக்கு முந்தின கதை இதெல்லாம். பக்கத்துல இருந்து பார்த்த மாதிரி சொல்றீங்களே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மனப்பாடம்" என்றாள், கூச்சமே இல்லாமல்.

கடை முதலாளியம்மாவின் தாய், அந்த ரயிலில் வந்து இறங்கிய சமையல்காரிகளில் ஒருத்தியாம். முதலாளியம்மா மத்தியானத்தில் பட்டுத் தானை மடித்துக்கொண்டே பழைய கதை பேசுவாள். இவள் அதை வீட்டுக்குப் போய் வரி வரியாகச் சொல்லிப் பார்ப்பாளாம். "எங்கிட்ட ஒரு பேப்பரும் கிடையாது, தங்கச்சி. போனது காட்டு வழி. ஒரு ஊர்ல இப்ப என்ன இருக்குன்னு வந்தவன் போனவன் எல்லாம் சொல்லிடுவான். முன்னாடி என்ன இருந்துச்சுன்னு சொல்றவள மட்டும் எந்தப் போலீஸும் நிறுத்திப் பேப்பர் கேக்க மாட்டான்."

அவளிடம் ஒருதரம்கூட யாரும் பேப்பர் கேட்டதில்லை. எனக்கு அதைக் கேட்கப் பெருமையாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

கடையில் சேரும்போது தான் சுரின்காரி என்று சொல்லிச் சேர்ந்திருக்கிறாள். சுரின் அந்த நாட்டின் கிழக்கே ஒரு மாவட்டம். அங்கே பட்டு உண்டு, அங்கத்து ஜனங்களும் நம்மைப் போலக் கறுப்பு, வீட்டில் க்மேர் பாஷை பேசுகிறவர்கள். அதனால் இவளுடைய தாய்லாந்து பாஷை கோணலாக இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. எல்லாம் யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாள். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. சுரின்காரி என்றால் பட்டு நூல் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். கடையின் பின்பக்கம், வெள்ளைக்காரர்கள் பார்ப்பதற்காக அடுப்பில் பானை வைத்து, கொதிக்கிற தண்ணீரில் பட்டுக்கூட்டைப் போட்டு நூலை இழுத்துக் காட்டுவார்கள். முதல் நாளே இவளை அங்கே உட்கார வைத்தார்கள். ஒரு கவட்டைக் குச்சியால் கூட்டைத் தள்ளிப் பிடித்து நூல் எடுக்க வேண்டும். குச்சி எதற்கென்று இவளுக்குத் தெரியாது. விரலைப் பானைக்குள் விட்டுவிட்டாள்.

"வெந்துடுச்சு. கத்தல. எல்லாரும் என்னையே பாக்கிறாங்க. எங்க கிராமத்துல குச்சி வைக்க மாட்டோம், விரலாலதான் எடுப்போம்னு சொல்லிட்டேன்."

சொன்ன பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா? வேலை பார்த்த காலம் முழுவதும் விரலை விட்டேதான் எடுத்திருக்கிறாள். அதைப் பார்க்கவே வெள்ளைக்காரர்கள் கூடி நின்று போட்டோ எடுப்பார்களாம். முதலாளியம்மாவுக்குப் பெருமை தாங்காதாம். அக்காவின் விரல் நுனிகள் வழுவழுவென்று, ரேகை இல்லாமல் இருக்கும். சூடான சோற்றைக்கூட ஊதாமல் அள்ளுவாள். இந்தக் கதையை அவள் சிரித்துக்கொண்டு சொன்னதால் நாங்களும் சிரித்தோம். அன்றைக்குப் படுக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல். கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போனால், வாயைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு தூங்குகிறாள். பயந்துபோய் அவிழ்த்தேன். கண்ணை விழித்து என்னைப் பார்த்த பார்வையில் நான் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. "உளறினேனா? என்ன பாஷையில?" என்று கேட்டாள். கடைப் பெண்களோடு ஒரே அறையில் படுத்தவள். தூக்கத்தில் தமிழ் வந்துவிடக் கூடாதென்று தினமும் துணி கட்டிக்கொண்டு தூங்கிப் பழகியிருக்கிறாள். இங்கே வந்தும் அவளால் விட முடியவில்லை. "நம்ம வீடுக்கா இது" என்றேன். "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டுத் துணியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

என் தம்பிக்கு வார்டு ஆபீஸிலிருந்து பட்டாளத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தபோது நான் உடைந்துபோனேன். எனக்கு இருப்பது அவன் ஒருவன். அப்பா அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை, செல்போன் ரிப்பேர் கடையில் தலை குனிந்து வேலை பார்க்கிறவன், சண்டை என்றால் டீவியில்கூடப் பார்க்க மாட்டான். அவனைப் பட்டாளத்தில் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எதிர் வீட்டுப் பையனைக் கொண்டுபோனார்கள், அவன் அம்மா இன்னும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் சமைக்கவில்லை, குளிக்கவில்லை, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி சாமியைத் திட்டினேன். அக்கா வந்து விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அழுதா ஆகுமா? மலை தாண்டினா ஹுவாஹின். அங்க எங்க முதலாளியம்மா இருக்காங்க, அவங்க மக இருக்கா. என் ஆளுன்னு சொன்னா கடை மாடியில படுக்க இடம் குடுப்பாங்க. கடைக்குள்ள இருக்கிறவன எவனும் வந்து பிடிக்க மாட்டான். தெருவுல நின்னாத்தான் பிடிப்பான்."

"இத்தனை வருஷமா ஒரு போன்கூட நீங்க போடலையே. அவங்க மறந்திருந்தா?"

"பர்மா நம்பர்ல இருந்து எப்படிப் போடுவேன்? பார்த்த உடனே தெரிஞ்சிடாது?" என்றாள். "என்னை மறக்க மாட்டாங்க. அம்மா என்னைத் தன் பக்கத்துல உக்கார வச்சுத்தான் சாப்பிடுவாங்க."

அப்போதுதான் எனக்கு அந்தப் பிரிக்காத பையின் அர்த்தம் விளங்கியது. அவள் என்றைக்காவது திரும்பிப் போய், சுரினிலிருந்து வருகிறேன் என்று சொல்லி, அதே பானைக்கு முன்னால் உட்காரலாம் என்று இருந்திருக்கிறாள்.

தம்பியைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசாதே. வெற்றிலை கூடாது. லுங்கியை மறந்துவிடு. காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் ஸ்டேஷனில் அந்த நாட்டின் தேசிய கீதம் போடுவார்கள், எல்லாரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். "நம்ம ஜனம் ஒரு புருஷன் பொண்டாட்டி, கண்ணு முன்னாடி பிளாட்பாரத்துல பேசிக்கிட்டே நடந்தாங்க. அத்தனை பேரு நிக்க, அவங்க ரெண்டு பேரு மட்டும் நடக்கிறாங்க. பாட்டு முடிஞ்சதும் போலீஸ் நேரா அவங்ககிட்ட போனான்." நீங்க என்ன செஞ்சீங்க என்று தம்பி கேட்டான். "நான் நின்னுக்கிட்டு இருந்தேன்" என்றாள். எவன் கேட்டாலும் பர்மா என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது, கடை வாசலில் போய் நின்று அங்கத்து நம்பரிலிருந்து எங்களுக்கு வீடியோ போட வேண்டும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். இதுதான் ஏற்பாடு.

அவன் கிளம்பிப் போன பிறகு வந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று சொல்லத் தெரியவில்லை. வழியில் சண்டை என்றார்கள். வண்டியைத் திருப்பிவிட்டார்கள் என்றார்கள். அக்கா பழம் விற்கப் போகாமல் என்னோடு உட்கார்ந்திருந்தாள். தாண்டிவிட்டான் என்று செய்தி வந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். இனி கடை வாசல் ஒன்றுதான் பாக்கி.

கடைக்குப் போகிற நாள் அவள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, தாய்லாந்துப் பெண்கள் மாதிரி கொண்டை போட்டுக்கொண்டாள். என் சமையலறையில்தான் சிக்னல் வரும். சுவரில் புத்தர் கோயில் படம் போட்ட பர்மிய காலண்டர். அதன் மேல் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்தாள். "சுரின்ல இருந்து பேசறேன்னு சொல்லிக்கலாம். இவன் எங்க சொந்தக்காரரு தோட்டத்துல வேலை பார்த்த பையன், நல்லவன்னு சொல்லிடறேன்." முகத்தில் ஒரு களை வந்திருந்தது. மத்தியானம் போன் அடித்தது.

திரையில் தம்பி தெரிந்தான். அவன் போனைத் திருப்பினான். கண்ணாடி போட்ட ஒரு பெண், என் வயதிருக்கும், முதலாளியம்மாவின் மகள். அக்காவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அக்காவும் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இருவரும் தாய்லாந்து பாஷையில் பேசியதில் எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. அக்காவின் சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலேயே காய்ந்துபோனதைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று அன்று சாயங்காலம் அவளே சொன்னாள், கூட்டாமல் குறைக்காமல்.

அந்தப் பெண் முதலில் சொன்னது அம்மா போய்விட்டாள் என்பது. கடைசிவரை உன்னைத்தான் கேட்டாள். நீ சொன்ன கிராமத்துக்கு இரண்டு தடவை கார் எடுத்துக்கொண்டு சுரினுக்குப் போனோம். அப்படி ஒருத்தி இங்கே பிறக்கவே இல்லை என்றார்கள். நீ செத்திருப்பாய் என்று நினைத்து, உன் பேரில் பிக்குகளுக்கு அம்மா சாப்பாடு கொடுத்தாள்.

அக்கா அதற்கு ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு, தம்பியைப் பற்றிப் பேச்சை எடுத்திருக்கிறாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவன் பேசறதைப் பார்த்தா பர்மாக்காரன். நீயா சேர்த்துக்கச் சொல்றே? பர்மாக்காரனை உள்ள விட்டா கடையில பட்டு மிஞ்சாதுன்னு நீதானே சொல்வே? வேலை கேட்டு வாசல்ல நின்னவங்களை அம்மா பாவம் பார்த்தாக்கூட, நீ துடைப்பத்தை எடுத்துட்டு வருவியே" என்றாளாம். குற்றமாகச் சொல்லவில்லை, பழைய நாளை நினைத்து ஆசையாகத்தான் சொன்னாளாம்.

"விரட்டினேன், தங்கச்சி. விரட்டுறவ மேல யாருக்கும் சந்தேகம் வராது" என்று அக்கா சொன்னபோது அவளைப் பார்க்க எனக்குக் கூசியது. அத்தனை வருஷத்தில் எத்தனை பேர் அந்த வாசலில் என் தம்பியைப் போல நின்றிருப்பார்கள்.

ஆனால் இது பிறகு வந்த எண்ணம். அந்த நேரத்தில் நான் பார்த்தது, அக்கா கையைப் பின்னால் நீட்டிப் போர்வையைப் பிடித்து இழுத்ததுதான். காலண்டர் முழுசாகத் தெரிந்தது, பர்மிய எழுத்தும் புத்தர் கோயிலும் எல்லாம். "நானும் பர்மாக்காரிதான்" என்றிருக்கிறாள். அந்தப் பெண் சிரித்தாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. பிறகு, உன் நிஜப் பேர் என்ன என்று கேட்டாள்.

அக்கா சொன்னாள். அவள் பேரை நானும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். வாடகைக்கு வந்தபோதுகூட வேறு பேர்தான் சொல்லியிருந்தாள். இரண்டு தடவை தடுமாறி, மூன்றாவது தடவைதான் அது அவள் வாயிலிருந்து வந்தது. அந்தப் பேரை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

"அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாது" என்றாள் அந்தப் பெண். போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

அவனுக்கும் அந்தப் பேச்சு புரியவில்லை, முகம் மலர்ந்து கிடந்தது. "பெரியக்கா, அவங்க அழுதுட்டாங்க. உங்க மேல உயிரா இருப்பாங்க போல. உள்ள போகட்டுமா?"

"வேணாம். திரும்பிக் கடலைப் பார்த்து நட. மீன் படகு நிக்கிற இடத்துல நம்ம பர்மா ஆளுங்க இருப்பாங்க. அத்தனை வருஷம் இருந்தும் நான் அந்தப் பக்கம் போனதில்ல. நீ போ. போயி, யங்கோன்ல இருந்து வரேன்னு வாய் விட்டுச் சொல்லு."

"சொல்லவே கூடாதுன்னீங்களே?"

"சொல்லு" என்றாள். அவன் நடக்க ஆரம்பித்ததும் இணைப்பு போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கூப்பிட்டால் மணி அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. அக்கா சாப்பிடவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் தெருவில் போகிறவர்களை ஏறெடுத்துப் பார்க்காததை நான் கவனித்தேன். "எம் புள்ளைய நடுத்தெருவுல நிறுத்திட்டேன்" என்று ஒருதடவை சொன்னாள். எனக்கு அவளைத் தேற்றத் தெம்பில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் தம்பியின் குரல் வந்து கிடந்தது. பின்னால் எஞ்சின் சத்தம். "அக்கா, இவங்க பர்மாவுல தவே ஊர்க்காரங்க, ரொம்ப நல்ல மாதிரி. படகுல சேர்த்துக்கிட்டாங்க. படுக்க இடம் இருக்கு. சிக்னல் இருக்காது, பயப்படாத. பெரியக்காகிட்ட சொல்லு, அவங்க சொன்ன மாதிரி சொன்னேன், உடனே வா வான்னுட்டாங்க."

போனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். கதவு திறந்திருந்தது. பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது. பழத்தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. பை இல்லை. சந்தையில் கேட்டேன், பஸ் நிலையத்தில் கேட்டேன், போட்டாதாங் துறை முழுக்க அவள் நிஜப் பேரைச் சொல்லிக் கேட்டேன். ஒருவருக்கும் அந்தப் பேர் தெரியவில்லை. என் தம்பியைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.